காட்டுப்பன்றி: குறி பார்க்கும் முன் கூட்டத்தைப் பார்க்க வேண்டும்

ஆடிப் பட்டத்தில் விதைத்த நிலக்கடலை காய் பிடிக்கத் தொடங்கியதும் தருமபுரி – பென்னாகரம் சாலையை ஒட்டிய இண்டூர் வட்டாரத்தில் விவசாயிகளின் தூக்கம் போய்விடுகிறது. கடலைக்கொல்லையைச் சுற்றிப் பழைய சேலைகளைக் கட்டுகிறார்கள். முடிதிருத்தகத்திலிருந்து மூட்டையாக முடி வாங்கி வந்து வரப்பில் தூவுகிறார்கள். தகரம் தட்டுகிறார்கள், பட்டாசு வெடிக்கிறார்கள். சில நாள் இவை பலிக்கின்றன. பிறகு பன்றிகள் பழகிவிடுகின்றன. ஓர் இரவு கண்ணயர்ந்தால் விடியும்போது அரை ஏக்கர் உழுது போட்டதுபோல் கிடக்கும். தின்றதைவிடக் கிளறிப் போட்டதுதான் அதிகமாக இருக்கும். கடலை முடிந்தால் மரவள்ளி, அது முடிந்தால் கேழ்வரகு, மக்காச்சோளம் என்று பன்றிக்கு ஆண்டு முழுவதும் பந்தி உண்டு. விவசாயிக்கு ஆண்டு முழுவதும் காவல் உண்டு.

இந்தத் துயரத்துக்குத் தீர்வாகத்தான் 2025 ஜனவரியில் தமிழ்நாடு அரசு ஒரு முடிவை அறிவித்தது. காப்புக்காட்டின் எல்லையிலிருந்து ஒரு கிலோமீட்டர் வரை காட்டுப்பன்றிகளைத் தொடக் கூடாது. ஒன்று முதல் மூன்று கிலோமீட்டர் வரை, பிடித்துக் காட்டுக்குள் விட வேண்டும். மூன்று கிலோமீட்டருக்கு அப்பால் வந்தால் வனத் துறையினர் சுடலாம். பல ஆண்டுகளாக விவசாயச் சங்கங்கள் கேட்டுவந்த ஒன்றுக்கு அரசு செவிசாய்த்தது என்ற வகையில் இந்த முடிவு வரவேற்கத்தக்கது. ஆனால் எங்கே சுடலாம் என்று சொல்லும் இந்த முடிவு, கூட்டத்தில் எதைச் சுடலாம், எதைச் சுடக் கூடாது, எந்த மாதத்தில், எத்தனை என்ற கேள்விகளை அதே கவனத்தோடு எடுத்துக்கொள்ளவில்லை. வேட்டையை நிர்வகிப்பதில் உலகம் கற்ற பாடமெல்லாம் இந்தக் கேள்விகளில்தான் இருக்கிறது.

வடதேசத்து மான் சொல்லும் பாடம்

மான் குடும்பத்திலேயே மிகப் பெரியது மூஸ். வட அமெரிக்காவிலும் ஸ்காண்டிநேவிய நாடுகளிலும் ரஷ்யாவிலும் வாழ்கிறது. பெரும்பாலும் தனித்தே திரியும். தாயும் அந்த ஆண்டு ஈன்ற கன்றும் மட்டுமே நிலையான உறவு. அடுத்த கன்று பிறக்கும் வேளையில் பழைய கன்றைத் தாய் விரட்டிவிடும். இலையுதிர் காலத்தில்தான் ஆணும் பெண்ணும் சேர்கின்றன. அலாஸ்காவின் திறந்த வெளிகளில் மட்டும் அந்தப் பருவத்தில் ஓர் ஆணைச் சுற்றிப் பல பெண்கள் கூடுவதுண்டு.

சுவீடனில் இந்த மானை வேட்டையாடுவது நாட்டு வழக்கத்தின் ஒரு பகுதி. 1982இல் அந்நாட்டில் சுட்ட மூஸ்களின் எண்ணிக்கை சுமார் 1.75 லட்சம். அவ்வளவு சுட்டும் அந்த இனம் அழியாததற்குக் காரணம், வேட்டைக்கு ஓர் ஒழுங்கு இருந்தது. தாயும் கன்றும் சேர்ந்து நின்றால் கன்றை முதலில் சுட வேண்டும், கன்றை விட்டுத் தாயைச் சுடக் கூடாது என்பது அந்த ஒழுங்கின் அடிப்படை. கேட்கும்போது கொடுமையாகத் தோன்றும். ஆனால் தாயை இழந்த கன்று பனிக்காலத்தில் உணவு கிடைக்கும் இடமும் வழியும் தெரியாமல் மெலிந்து சாகும் வாய்ப்பு அதிகம் என்பதை அந்த வேட்டைக்காரர்கள் அறிவார்கள். தாய் பிழைத்தால் அடுத்த ஆண்டும் ஈனும். வேட்டைப் பருவத்தின் முதல் நாட்களில் கண்ணில் பட்ட ஒவ்வொரு மூஸையும் ஆண், பெண், கன்று என்று வேட்டைக்காரர்களே பிரித்துப் பதிவு செய்கிறார்கள். அடுத்த ஆண்டு எத்தனை சுடலாம் என்ற முடிவுக்கு அந்தப் பதிவும் ஓர் அடிப்படை. 2012 முதல் நில உடைமையாளர்களும் வேட்டைக்காரர்களும் சேர்ந்த வட்டாரக் குழுக்கள், மானின் நடமாட்டப் பரப்பை அலகாகக் கொண்டு இதைத் திட்டமிடுகின்றன.

நார்வே இன்னொரு பாடத்தைக் கற்றது. அங்குள்ள வேகா தீவின் மூஸ் கூட்டத்தில் ஆண்களின் விகிதத்தை வேட்டையால் குறைத்துப் பார்த்தார்கள். கன்று ஈனும் நாள் தள்ளிப்போனது. பிந்திப் பிறந்த கன்று, பனி வருமுன் போதிய எடை கூடாமல் குளிர்காலத்தைச் சந்திக்க நேரும். எத்தனை சுட்டோம் என்பது பாதிக் கணக்குதான். எவற்றைச் சுட்டோம் என்பதே மீதியைத் தீர்மானிக்கிறது.

பன்றிக்கும் குடும்பம் உண்டு

நம் கொல்லைக்கு வரும் காட்டுப்பன்றி மூஸைப் போலத் தனித்துத் திரியும் விலங்கல்ல. அதன் கூட்டம் பெண்களின் கூட்டம். மூத்த பெண் பன்றி, அதன் மகள்கள், சகோதரிகள், அவற்றின் குட்டிகள் என ஒரே இரத்த உறவில் சேர்ந்திருப்பவை. ஆண் பன்றி ஒன்று, ஒன்றரை வயதில் கூட்டத்தைவிட்டு வெளியேறித் தனியே திரியும். இனச்சேர்க்கைக் காலத்தில்தான் திரும்ப வரும். எங்கே தண்ணீர், எங்கே புதர், எந்தக் கொல்லையில் நாய் உண்டு, எந்த வரப்பில் காவல் இல்லை என்பதெல்லாம் மூத்த பெண்ணின் நினைவில் இருக்கிறது. கூட்டம் அதன் பின்னால் போகிறது. ஏறத்தாழ நான்கு மாதச் சினை, ஓர் ஈற்றில் நான்கு முதல் ஆறு குட்டிகள். நல்ல தீனி கிடைத்தால் ஒரு வயது நிறையும் முன்பே பெண் சினைப்படும்.

இந்த இடத்தில்தான் துப்பாக்கி தவறிழைக்க வாய்ப்பு அதிகம். இருட்டில் கூட்டம் வந்தால் முதலில் கண்ணில் படுவதும் குறிக்கு எளிதாக அகப்படுவதும் பெரிய உருவம். பல நேரங்களில் அது அந்த மூத்த பெண்ணாகவே இருக்கும். அது விழுந்ததும் மற்றவை நான்கு திசைக்கும் சிதறுகின்றன. வழிகாட்டி இல்லாத இளம் பன்றிகள் புதிய கொல்லைகளுக்கு, இதுவரை பன்றியே காணாத ஊர்களுக்குக்கூடப் போய்ச் சேரலாம். ஒரு கொல்லையில் ஒரு பன்றி குறைய, பக்கத்து ஊரில் புதிய பன்றித் தொல்லை தொடங்குகிறது.

பிரான்சின் வடகிழக்கில் ஷாத்தோவில்லன் காட்டில் காட்டுப்பன்றிகளைப் பல ஆண்டுகள் தொடர்ந்து ஆராய்ந்தவர்கள் கண்டது இதைவிடக் கவலை தருவது. கடும் வேட்டைக்கு உள்ளான அந்தக் கூட்டத்தில் குட்டிகள் பிறக்கும் காலம் முன்னோக்கி நகர்ந்தது. முன்னதாகப் பிறந்த பெண் குட்டி அந்த ஆண்டே போதிய எடையை எட்டி இனப்பெருக்கத்தில் இறங்கிவிடுகிறது. ஒழுங்கில்லாமல் சுடச் சுடப் பன்றி வேகமாகப் பெருகக் கற்றுக்கொள்கிறது.

அமெரிக்காவின் மிசௌரி மாநிலம் இதைப் பட்டுத் தெரிந்துகொண்டது. அங்கே காட்டில் திரியும் பன்றிகள் வெளியிலிருந்து வந்து பெருகியவை; நம் பன்றிபோல மண்ணின் விலங்கல்ல. அவற்றை ஒழித்தே தீர வேண்டும் என்று முடிவெடுத்த அந்த மாநிலத்தின் வனவளத் துறை, 2016இல் தன் நிலங்களில் பன்றி வேட்டையைத் தடை செய்தது. ஒன்றிரண்டைச் சுடுவது கூட்டத்தைச் சிதறடிக்கிறது, எச்சரிக்கையடைந்த பன்றியைப் பிடிப்பது கடினமாகிறது என்பது அவர்களின் அனுபவம். பன்றியைப் பார்த்தால் சுடாதீர்கள், எங்களிடம் சொல்லுங்கள் என்று மக்களிடம் கேட்டார்கள். பெரிய பட்டி அமைத்து, நாட்கணக்கில் தீனி வைத்துப் பழக்கி, முழுக் கூட்டமும் உள்ளே வந்த பிறகே கதவை அடைக்கும் முறையைக் கையில் எடுத்தார்கள். முற்றிலும் ஒழிக்க நினைப்பவர்களே இவ்வளவு பொறுமையாக இருக்கும்போது, கட்டுப்படுத்த மட்டுமே விரும்பும் நாம் இன்னும் எவ்வளவு கவனமாக இருக்க வேண்டும்!

கோடு தெரியாத விலங்கு

மூன்று கிலோமீட்டர் என்ற கோடு வரைபடத்தில் தெளிவாக இருக்கிறது. காட்டுப்பன்றி ஒரே இரவில் பல கிலோமீட்டர் போய் வரும். இரண்டே முக்கால் கிலோமீட்டரில் கொல்லை வைத்திருப்பவரும் மூன்றே கால் கிலோமீட்டரில் வைத்திருப்பவரும் ஒரே கூட்டத்தால் ஒரே இரவில் இழக்கிறார்கள். ஒருவருக்குக் கிடைக்கும் தீர்வு மற்றவருக்கு இல்லை. இன்னும் முக்கியமானது: சமவெளிப் பன்றிகளில் பல இன்று காட்டிலிருந்து தினமும் வந்து போவனவல்ல. தூர்ந்துபோன ஏரிகளிலும் ஓடைக் கரைகளிலும் மண்டிய சீமைக்கருவேலம் புதர்களிலேயே அவை தங்கி, அங்கேயே ஈன்று, அங்கிருந்தே கொல்லைக்கு வருகின்றன. தூரத்தை வைத்து வகுத்த திட்டம் இந்தப் பன்றிக்கு முகவரி தராது. அது எந்த ஏரிப் புதரில் படுத்திருக்கிறது என்பதை ஊர்க்காரர்தான் சொல்ல முடியும்.

ஒன்று முதல் மூன்று கிலோமீட்டர் வரையிலான நடு வளையத்தில் பிடித்துக் காட்டில் விடும் ஏற்பாடும் மறுபரிசீலனைக்கு உரியது. 2023 ஜனவரியில் முதுமலையில் காட்டுப்பன்றிகள் அடுத்தடுத்து இறந்து விழுந்தன. ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் என்று உறுதியானது. ஊர்ப்பன்றிகளோடு கலந்து, குப்பைக் கழிவு தின்று பழகிய பன்றியைச் சோதனையின்றிக் காட்டில் விடுவது அந்தக் காய்ச்சலை நாமே சுமந்துபோய்க் கொடுப்பதாக முடியலாம். ஏற்கெனவே ஒரு கூட்டம் வாழும் இடத்தில் அந்நியக் கூட்டத்தை இறக்கினால் அது அங்கே தங்கும் என்பதற்கும் உறுதி இல்லை.

அதே நேரத்தில் காட்டுக்குள் இருக்கும் பன்றி காட்டுக்குத் தேவையானது. ஒகேனக்கல், பென்னாகரம், அஞ்செட்டிக் காடுகள் கென்னத் ஆண்டர்சன் தம் வேட்டை நூல்களில் எழுதிய காலத்தில் புலிகள் உலவிய காடுகள். இன்று அங்கே 2014இல் அறிவிக்கப்பட்ட காவிரி வடக்குச் சரணாலயமும், 2022இல் அறிவிக்கப்பட்ட காவிரி தெற்குச் சரணாலயமும் இருக்கின்றன. சிறுத்தைக்கும் செந்நாய்க்கும் பன்றிக்குட்டியும் ஓர் இரை. காட்டில் இரை குறைந்தால் சிறுத்தை ஆட்டுப்பட்டிக்கு வரும். ஆகவே காட்டுக்குள் கைவைக்காமல் விட்டது அரசு முடிவின் சரியான பகுதி.

மின்கம்பி எழுப்பும் கேள்வி

எதையும் கொல்லவே கூடாது என்று சொல்பவர்களை நான் மதிக்கிறேன். அவர்களிடம் 2023 மார்ச் 7ஆம் தேதியை நினைவூட்டுவேன். தருமபுரி மாவட்டம் மாரண்டஅள்ளி அருகே காளிகவுண்டன்கொட்டாயில், விளைநிலத்தைச் சுற்றிச் சட்டவிரோதமாகப் போட்ட மின்வேலியில் சிக்கி மூன்று பெரிய யானைகள் இறந்தன. உடன் வந்த இரண்டு குட்டிகள் தப்பின; இறந்து கிடந்த யானைகளை விட்டுப் போக மனமில்லாமல் அங்கேயே சுற்றிச் சுற்றி வந்தன. அதே மாதம் பென்னாகரம் அருகே வறண்ட கிணற்றில் விழுந்து மீட்கப்பட்ட இன்னொரு யானைக்குட்டியை அதன் கூட்டத்தோடு சேர்க்க முடியாமல் போனது. தெப்பக்காடு யானைகள் முகாமுக்குக் கொண்டுசென்றும் அந்த மாத இறுதியில் அது இறந்தது. கூட்டத்தைப் பிரிந்த குட்டியின் கதி என்ன என்பதை இந்த மாவட்டம் ஒரே மாதத்தில் இரண்டு முறை பார்த்தது.

பன்றிக்கு என்று போடும் கம்பி பன்றியை மட்டும் தேர்ந்தெடுத்துக் கொல்வதில்லை. யானை, மான், மாடு மட்டுமின்றி, இரவில் தண்ணீர் பாய்ச்சப் போன மனிதர்களும் அதற்குப் பலியாகிறார்கள். அவுட்டுக்காயும் அப்படித்தான், பன்றிக்கு வைத்த வெடி யானையின் வாயைச் சிதைக்கிறது. சட்டப்படியான, விரைவான, நம்பத்தக்க வழி ஒன்று இல்லாதவரை விரக்தியடைந்த கை சட்டவிரோத வழியைத் தேடும். அதனால்தான் ஒழுங்குக்கு உட்பட்ட, பயிற்சி பெற்ற கைகளால் நடக்கும் குறைந்த அளவுக் கொலையை நான் ஏற்கிறேன். அது நடக்காதபோது நடக்கும் கொலை கணக்கில்லாதது, கண்ணில்லாதது.

துப்பாக்கி உரிமம் கொடுங்கள், நாங்களே பார்த்துக்கொள்கிறோம் என்று சொல்லும் விவசாயிகளுக்கும் ஒரு சொல். உங்கள் கோபம் நியாயமானது. இந்த மண்ணில் பன்றியோடு மோதி உயிர்விட்டவர்களுக்குக் கல் நட்டு வணங்கியிருக்கிறார்கள். தருமபுரி, கிருஷ்ணகிரி வட்டாரத்தில் கிடைக்கும் பன்றி குத்திப்பட்டான் கற்கள் அதற்குச் சான்று. விளைச்சலைக் காப்பது உயிரைக் கொடுக்கத் தக்க கடமை என்று நம் முன்னோர் கருதினார்கள். ஆனால் எல்லோர் கையிலும் துப்பாக்கி வந்தால் பன்றியின் பெயரைச் சொல்லிப் புள்ளிமானும் கடமானும் விழும். கறி வியாபாரம் உள்ளே நுழையும். நாட்டுத் துப்பாக்கி இந்த மலையோர ஊர்களில் எத்தனை குடும்பங்களை வழக்கிலும் சிறையிலும் தள்ளியிருக்கிறது என்பது உங்களுக்கே தெரியும். 2016 ஜூனில் பீகாரின் மொகாமாவில் ஐதராபாத்திலிருந்து அழைத்துவந்த துப்பாக்கிக்காரர்கள் சில நாட்களில் பயிரை மேய்ந்த நீலான்களில் இருநூறுக்கும் மேற்பட்டவற்றைச் சுட்டார்கள். தில்லியில் அமைச்சர்களே ஒருவரையொருவர் வெளிப்படையாகக் குறைசொல்லும் நிலை வந்தது. எண்ணிக்கையை மட்டும் இலக்காக வைத்த வேட்டை மக்களின் நம்பிக்கையையும் சேர்த்துச் சுட்டுவிடும்.

செய்ய வேண்டியவை

சட்டம் இடம் கொடுக்கிறது. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் 11ஆம் பிரிவு, மனித உயிருக்கோ நிலத்தில் நிற்கும் பயிர் உள்ளிட்ட சொத்துக்கோ ஆபத்தான விலங்கை, காரணத்தை எழுத்தில் பதிந்து வேட்டையாட அனுமதிக்கும் அதிகாரத்தைத் தலைமை வனவிலங்குக் காப்பாளருக்கு வழங்குகிறது. 2023 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த திருத்தத்தின்படி காட்டுப்பன்றி இரண்டாம் அட்டவணையில் இருக்கிறது. இந்த அதிகாரம் அதற்கும் பொருந்தும். பன்றியைத் தீங்குயிரி என்று அறிவித்து எல்லோருக்கும் திறந்துவிடத் தேவையில்லை. கேரளம் 2022இல் உள்ளாட்சித் தலைவர்களுக்கே அனுமதி வழங்கும் அதிகாரத்தைக் கொடுத்தது, அதுவும் இதே சட்டத்துக்குள் நின்றுதான். நமக்குத் தேவை அனுமதியோடு சேர்ந்த ஒழுங்கு.

முதலில் கணக்கு. இரவுக் காவலுக்குப் போகும் விவசாயியைவிடப் பன்றியை அறிந்தவர் யாரும் இல்லை. எந்தத் தேதியில், எந்தக் கொல்லையில், எத்தனை பெரியவை, எத்தனை குட்டிகள் என்று ஊராட்சிதோறும் ஒரு பதிவேடு வைக்கலாம். சுவீடனின் வேட்டைக்காரர் செய்வதை இண்டூரின் கடலை விவசாயியால் செய்ய முடியும். வேளாண் கல்லூரி, கால்நடை மருத்துவக் கல்லூரி மாணவர்களை அதற்குத் துணையாக அனுப்பலாம்.

இரண்டாவது, எதை என்ற விதி. பால் கொடுக்கும் தாயைச் சுட்டுக் குட்டிகளை அநாதையாக விடக் கூடாது. கூட்டத்தின் மூத்த பெண்ணைத் தனியாகச் சுடக் கூடாது. எடுப்பதானால் முழுக் கூட்டத்தையும் பட்டியில் அடைத்து எடுக்க வேண்டும். இல்லையேல் கொல்லைக்குள் வரும் இளம் பன்றிகளைச் சுடுவதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். விழுந்த ஒவ்வொரு பன்றியின் பாலினம், தோராய வயது, சினை நிலை, இடம், நாள் ஆகியவற்றைக் கால்நடை மருத்துவர் பதிந்து மாவட்ட அளவில் வெளியிட வேண்டும். வெளியே தெரியாத வேட்டை, கள்ள வேட்டைக்குப் போர்வையாகிவிடும்.

மூன்றாவது, இருப்பிடம். ஏரிகளிலும் ஓடைகளிலும் மண்டிய சீமைக்கருவேலத்தை ஊரக வேலைத் திட்டங்களின் வழியாக வேரோடு அகற்ற வேண்டும். புதர் போனால் ஏரியில் தண்ணீரும் நிற்கும், பன்றியும் தங்காது. துப்பாக்கியைவிட நிலைத்த பலன் தருவது இது.

நான்காவது, வேலி. 2023இல் தமிழ்நாடு அரசு மின்வேலிகளைப் பதிவு செய்து ஒழுங்குபடுத்தும் விதிகளைக் கொண்டுவந்தது. தர நிர்ணயப்படி அமைந்த சூரிய மின்வேலி கணநேரத் துடிப்பாக மட்டுமே மின்சாரத்தை அனுப்பும். அடி விழும், உயிர் போகாது. இரண்டு ஏக்கர் வைத்திருப்பவரால் தனியாக அதைப் போட முடியாது. பக்கத்துப் பக்கத்துக் கொல்லைக்காரர்கள் சேர்ந்து போடும் வேலிக்குப் பெரும்பகுதி மானியம் தந்தால், மின்கம்பத்திலிருந்து நேரடியாகக் கம்பி இழுக்கும் அவசியமே வராது. அதன் பிறகும் இழுப்பவரைச் சட்டம் கடுமையாகத் தண்டிக்கட்டும்.

ஐந்தாவது, இழப்பீடு. அறுவடைக்குள் வந்து சேராத இழப்பீடு விவசாயிக்கு உதவாது. அடுத்த விதைப்புக்கு விதைக்கடலை வாங்கும் நேரத்தில் பணம் கையில் இருக்க வேண்டும். கைப்பேசியில் படம் எடுத்து அனுப்பி, கிராம நிர்வாக அலுவலரும் வனக் காப்பாளரும் ஒரு வாரத்துக்குள் பார்த்து, ஒரு மாதத்துக்குள் தொகை வரும்படி காலக்கெடு விதிக்க வேண்டும். குத்தகைக்குப் பயிரிடுபவருக்கும், கணவர் வெளியூரில் கட்டட வேலைக்குப் போயிருக்கத் தனியாகக் கொல்லை பார்க்கும் பெண்ணுக்கும் பட்டா பெயரைக் காட்டி மறுப்பு சொல்லக் கூடாது. நடு வளையத்தில் பிடிபடும் பன்றிக்குக் காய்ச்சல் சோதனை கட்டாயம் என்ற விதியும் உடனே வர வேண்டும்.

இவை எதற்கும் புதிய சட்டம் வேண்டியதில்லை. மாவட்ட ஆட்சியரும் மாவட்ட வன அலுவலரும் அடுத்த ஆடிப் பட்டத்துக்கு முன் நல்லம்பள்ளி, பென்னாகரம் வட்டங்களில் ஒரு சில ஊராட்சிகளைத் தேர்ந்தெடுத்துத் தொடங்கிவிடலாம். ஓர் ஆண்டு முடிவில் எத்தனை பன்றி விழுந்தது என்று அரசு கணக்குக் காட்ட வேண்டாம். எத்தனை ஏக்கர் கடலை முழுதாக வீடு வந்தது, எத்தனை திருட்டு மின்கம்பிகள் இறங்கின, எத்தனை யானைகள் இந்த வழியாக உயிரோடு கடந்து போயின என்று காட்டட்டும். அந்த மூன்று எண்களும் நல்லவையாக இருந்தால் இந்தத் திட்டம் வென்றது என்று விவசாயியும் காட்டின் நலம் நாடுபவரும் ஒரே குரலில் சொல்வார்கள்.